ஷூவுக்குள் ஒரு கைக்கடிகாரம்

திருடி என்று ஊரே என்னைச் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பெற்ற அப்பாவைப் பற்றிப் படம் எடுத்தவளுக்குத் திருட்டுப் பட்டம்.

என் முதல் படம் அது. நாளை திரைப்பட விழாவில் முதல் காட்சி. இந்த நேரம் பார்த்து, குறும்படம் எடுக்கும் ஒருத்தி டிரெய்லரைப் பார்த்துவிட்டு, "என் படத்தின் உயிரையே சுட்டுவிட்டார்" என்று பதிவு போட்டாள். காட்சி இதுதான்: வெளியூர் வேலைக்குப் போன அப்பா இரவில் வந்து சேர்வார். மகள் தூங்கியிருப்பாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளுடைய பள்ளி ஷூவுக்குள் வைத்துவிடுவார். காலையில் ஷூவுக்குள் கைவிட்டால் அப்பா வந்தது தெரிந்துவிடும். அந்த மகள் நான்தான். என் ஷூவை நான் யாரிடமிருந்து திருடுவது?

மாலைக்குள் பதில் வராவிட்டால் படம் கிடையாது என்று விழாக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு போன் செய்தேன்.

"எவடி அவ? உங்கப்பா வாட்ச் வச்சதை என் கண்ணால பார்த்திருக்கேன். நானே வந்து சாட்சி சொல்றேன், இரு."

எங்கள் எடிட்டரை 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவோம். அவர் இரண்டு படங்களையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். அவள் படத்தை அதுவரை நான் பார்க்கவில்லை. குப்பையை எதற்குக் கிளறுவது என்ற திமிர்.

"பாருங்க, ஷாட் வேற, வெளிச்சம் வேற. அவங்க மேல இருந்து எடுத்திருக்காங்க, நாம தரையோட தரையா வச்சு எடுத்தோம். வாட்ச் மட்டும்தான் அச்சு அசல். இந்த மாடலுக்காக நாம ஏறாத கடை உண்டா?"

அப்பாவின் வாட்ச், அவர் சாவதற்கு முன் கடைசியாக வெளியூர் வேலைக்குப் போனபோது தொலைந்துபோனது. அதனால்தான் அந்த அலைச்சல்.

"அவ வாட்ச்சைப் பெருசாக்குங்க."

கண்ணாடியில் ஒரு விரிசல், நான்காம் எண்ணிலிருந்து ஆறாம் எண் வரை. அது நான் போட்டது. ஒரு நாள் பார்க்காமல் ஷூவுக்குள் காலை நுழைத்து மிதித்துவிட்டேன். அப்பா திட்டவில்லை. விரிசலோடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவளுடைய போன் எண்ணைத் தேடிப்பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன்.

"அந்த வாட்ச்சை எங்க வாங்கினீங்க?"

"வாங்கல, எங்கப்பாவோடது. ஏன், அதை நான் திருடினேன்னு சொல்லப் போறீங்களா?"

"உங்கப்பா பேரு?"

என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்பதை அவள் முழுதாகச் சொன்னாள்.

தலையில் இடி விழுந்தது என்பார்களே, விழுந்தால் சத்தமே கேட்காது என்று அன்றுதான் தெரிந்தது. ஷூ காலியாக இருந்த காலைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"உங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. எதுக்கு?"

"ஒண்ணுமில்ல," என்று வைத்துவிட்டேன்.

கத்தரிக்குப் புரிந்துவிட்டது. "இதைவிட ஆதாரம் வேணுமா? விழாக்காரங்களுக்கு உள்ளதை எழுதிடுங்க. படம் தப்பிச்சிடும்," என்றார் மெதுவாக.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். மூச்சு வாங்கியது. பையிலிருந்து அப்பாவின் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

கத்தரி திரையை அணைத்தார்.

"வேணாம்மா. அவ சொல்றது நிஜம்தான். அவ படத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன்."

அம்மா என்னையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ உங்கப்பா வச்சது?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

அம்மா போட்டோவைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

"ஊரான் வீட்டுக் கதையை எடுக்கப் போயிட்டியேடி," என்றாள். "உலகத்துலயே உன் ஒருத்திக்காக மட்டும் அதைச் செஞ்ச மனுஷன்."