தலைகீழாகத் தொங்கிய ஜீன்ஸ்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, கொடியில் ஒரு நீல ஜீன்ஸ் தலைகீழாகத் தொங்குகிறது, இடுப்பு கீழே, கால் ரெண்டும் கிளிப்பில் மேலே, அதையே பார்த்து நிற்கிறாள் துளசிமணி, அவள் வயிறு எரிந்த கதையைச் சொல்கிறேன், பல்லடத்தில் தறி ஃபிட்டராக இருந்த அவள் புருஷன் சென்னியப்பன் சனிக்கிழமைதோறும் காங்கேயத்து வீட்டுக்கு வருவான், மகள் அப்பனுக்கு ஆசையாய் எடுத்துக்கொடுத்த முதல் ஜீன்ஸைத் துளசிமணி சுடுதண்ணியில் ஊறப்போட்டு, கல்லில் அடித்து, முறுக்கிப் பிழிந்து, உச்சிவெயிலில் போட்டாள், வெளுத்து, ஒரு கால் குட்டையாகிக் கிடந்ததைப் பார்த்து நாளெல்லாம் அழுதாள், மகள் மறுபடி ஒன்று எடுத்துக்கொடுத்தாள், அதுவோ மாசங்கள் போயும் முட்டி புடைக்கவில்லை, நீலம் மங்கவில்லை, அவன் பையில் வேட்டி சட்டையெல்லாம் அழுக்கு, ஜீன்ஸ் மட்டும் துவைத்தது, கால் மடிப்பில் கிளிப்பு கடித்த தடம், இவள் இடுப்பில்தானே கிளிப்பு போடுவாள், ஏனுங்க இதை ஆரு தொவைச்சா, நான்தான் அம்மணி, நீங்களா, ஒரு கர்ச்சீப்பாவது நனைச்சிருப்பீங்களா, அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் தடத்தில் அவள் ஒருத்தியையே பார்த்துவிட்டாள், வளையல் கை, நிதானமான கை, துணியை அடிக்காத கை, கனவில் அந்தக் கை வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது, கல்யாணமான புதிதில் வாய்க்கால் கல்லில் இவள் வேட்டி அடிக்கிறாள், அவன் கரையில் நின்று பார்க்கிறான், அந்தப் பார்வை இப்போது யார்மேல், பொறுக்காமல் பல்லடத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள், அவன் அறை மாடிப்படியில் சோப்பு வாசனை, தண்ணீர்ச் சத்தம், வந்துட்டேன்டி என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினால், லுங்கியைத் தூக்கிக் கட்டிய சென்னியப்பன், ஜீன்ஸுக்குப் பித்தான் போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத்தண்ணியில் அலசி, முறுக்காமல், தையலைப் பச்சைப்பிள்ளைக் கால்போல நீவி, நிழலில் தலைகீழாக மாட்டிக்கொண்டிருக்கிறான், இடுப்புக் கனம் இழுத்துக் காலை நேரா வெச்சுக்கும் அம்மணி, கூடத் தங்கியிருக்கற நடராசு சொல்லித்தந்தான், உன் கையில குடுத்தா இதும் போயிரும், சொன்னா அழுவே, அதான் சொல்லலை, அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள், நடராசு பெரிய மீசையோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், அப்பாடா என்று மூச்சு விட்டவளுக்கு அப்போதுதான் அடுத்த சந்தேகம், இவ்வளவு பதமாகத் துவைக்கிற கை இத்தனை வருசம் எங்கே ஒளிந்திருந்தது, ஏனுங்க, அந்த அழுக்கு வேட்டி மட்டும் எனக்கா?

இப்போது காங்கேயத்துக் கொடியில் ஜீன்ஸ் தலைகீழாகத் தொங்குகிறது, பக்கத்தில் அவன் அலசிப்போட்ட அவள் சேலை, அவள் காப்பி குடித்துக்கொண்டே, சேலையைச் சரியாகத்தான் பிழிந்தானா என்று சந்தேகமாய்ப் பார்க்கிறாள், உங்க வீட்டுக் கொடியும் ரெண்டு பேர் கையால நிறையட்டும் கண்ணுகளா, துணி சாயம் போகாம, மனசு சுருங்காம, நல்லா இருங்க.