வெள்ளிக்கிழமை லோடு

ஹரீஷ் பிழைத்தது அவன் செய்த புண்ணியமோ, பெண்டாட்டி துளசி கும்பிட்ட சாமியோ, யாருக்குத் தெரியும்? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. போன வெள்ளிக்கிழமை ஜெலுத்தோங்கில் மண் கொட்டும் இடத்தில், தூக்கி நிறுத்திய டிரெய்லர் தொட்டியின் முன்மூலையில் களிமண் ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது. மண்வெட்டியோடு உள்ளே ஏறினான் மனுஷன். ரெண்டு கொத்து கொத்தியிருப்பான், அத்தனை மண்ணும் ஒரேயடியாகச் சரிந்து அவனையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. இடுப்பு வரை புதைந்தவனை நாலு பேர் இழுத்து எடுத்தார்கள். எழுந்ததும் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான்! "ஓசியில சறுக்கு மரம் லா" என்றான். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த துளசிக்குச் சிரிப்பு வரவில்லை.

கண் பார்வை மங்கி ஹரீஷின் லைசென்ஸ் போனபிறகு, பெரிய லோரி லைசென்ஸ் எடுத்துப் பெண்டாட்டி ஓட்ட உட்கார்ந்தாள். புருஷன் பக்கத்து சீட்டுக்கு மாறினான். வீட்டில் அடுப்பு எரிவது அந்த லோரியால்தான்.

மண் கொட்டும் இடத்தின் மேற்பார்வையாளர் காஜா மொய்தீன் அன்றைக்கே சொல்லிவிட்டார். "தங்கச்சி, இது ரெண்டாவது தடவை. இன்னொரு தடவை உங்க லோரியில மண்ணு ஒட்டுச்சுன்னா கேட்டுக்குள்ள விடமாட்டேன். பொணம் தூக்க நான் இங்க நிக்கல." வேறு இடமாக இருந்தால் தொட்டியில் பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசிச் சமாளித்துவிடுவார்கள். இங்கே அந்தப் பருப்பு வேகாது. பக்கத்திலேயே கடல். எண்ணெய் வாடை வந்தாலே காஜா லோரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

துளசி சும்மா இருக்கிற ரகமில்லை. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைத் தரையோடு இறக்கி, எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தாள். முன்மூலைகளில் பழைய களிமண் ஓடு போல இறுகியிருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. மண் ஒட்டிய இரண்டு நாளும் வெள்ளிக்கிழமை! வெள்ளி விடிந்தால் ஹரீஷ் டியூப்பைப் பிடித்து லோரி முழுக்கக் கழுவி, பொட்டு வைத்து, சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பான். தொட்டியையும் விடமாட்டான். அந்தத் தண்ணீரில் பழைய களிமண் ஊறிக் குழைந்து கிடக்கும். ஈரம் காயும் முன்பே அதன்மேல் புது மண்ணை ஏற்றினால் ஒட்டாமல் என்ன செய்யும்? 'பசை தடவி வச்சுல்ல மண்ணைக் கொட்டியிருக்கோம்!' என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வாரம் முழுக்கச் சாயங்காலமானால் சுரண்டினாள், இரும்பு பளபளக்கும் வரை. வெள்ளிக்கிழமை காலையில் ஹரீஷ் டியூப்பை எடுத்தபோது குறுக்கே போய் நின்றாள்.

"இன்னிக்குத் தொட்டிக்குத் தண்ணி கிடையாது."

"வெள்ளிக்கிழமை துளசி! சாமி குத்தம் ஆயிடும்."

"முன்னாடி கழுவுங்க, டயரு கழுவுங்க, பொட்டு வைங்க. நான் ஒண்ணும் சொல்லல. தொட்டிப் பக்கம் டியூப்பு போச்சு, அறுத்துப் போட்டுடுவேன்."

"தோசைக்கல்லா இது? அடுத்து வெங்காயம் தேய்க்கச் சொல்லுவ போல."

"தேய்ச்சா மண்ணு இறங்கும்னா அதையும் தேய்ப்பேன். சிரிக்காதீங்க, வயிறு எரியுது."

அவன் டியூப்பை டயர் பக்கம் திருப்பினான். துளசி காய்ந்த கல்தூளைத் தொட்டி அடியில் பரப்பி, முன்மூலைகளில் இன்னும் கெட்டியாகத் தூவினாள். சிம்பாங் அம்பாட்டில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டும் ஹஸ்ருலிடம், காய்ந்த மேல்மண்ணை முன்னாலும் ஈரக்களியைப் பின்னாலும் போடச் சொன்னாள். அவன் முணுமுணுத்தபடியே போட்டுக் கொடுத்தான்.

எல்லாம் சரியாகத்தான் போனது, ஜெலுத்தோங் போகிற கடல் பாலம் வரும் வரை. பாலத்தில் ஏதோ விபத்து, வண்டிகள் ஊர்ந்தன. பிரேக் மிதிக்க மிதிக்க மண் முன்னால் போய் இறுகும் என்று அவளுக்குத் தெரியும். ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினாள்.

ஜெலுத்தோங்கில் காஜா கைகட்டி நின்று பார்க்க, தொட்டியைத் தூக்கினாள். பின்பக்க மண் சறுக்கிக்கொண்டு போனது. நடுவில் இருந்ததும் போனது. அப்பாடா என்று மூச்சு விட்டவள் கண்ணாடியில் பார்த்தாள். இடது முன்மூலையில் ஒரு பெரிய கட்டி அப்படியே நின்றது.

ஹரீஷ் அதற்குள் மண்வெட்டியோடு கதவைத் திறந்துவிட்டான். "ரெண்டே கொத்து, விழுந்துடும்."

துளசி நெம்புகோலை இழுத்தாள். தொட்டி, கட்டியைச் சுமந்தபடியே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் மெல்லக் கீழே இறங்கியது.

"ஏய், என்ன பண்ற? இந்த வேலை போயிடும் துளசி!"

"போகட்டும். புருஷனை மண்ணுல தேடுறதுக்கு, வேலை போறது மேல்."

இறங்கிப் போய் காஜாவின் முன்னால் நின்றாள். தலை குனியவில்லை. "ஒட்டிக்கிச்சு அண்ணே. மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு போறேன்."

காஜா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அந்த ஒரு மூலை தவிர மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்டது போலிருந்தது. அங்கே நின்ற மண் அள்ளும் இயந்திரத்தைக் கையசைத்துக் கூப்பிட்டார். படுத்த தொட்டியிலிருந்து அது கட்டியை அலுங்காமல் அள்ளி எடுத்துப் போட்டது.

"இங்க மண்ணு ஒட்டுனா லோரியை முன்னும் பின்னும் குலுக்குவானுங்க. இல்லன்னா ஆளை ஏத்துவானுங்க. தொட்டியை இறக்குனவன் ஒருத்தன்கூட இல்ல" என்றார். "நாளைக்கும் வா தங்கச்சி. அந்த மூலைக்குத் தூளு இன்னும் கொஞ்சம் போடு."

துளசி லோரியில் ஏறினாள். ஹரீஷ் மண்வெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு மண்ணு இழுத்தப்ப உன் பேரைச் சொல்லித்தான் கத்துனேன். வாய் நிறைய மண்ணு, சத்தமே வரல. அவ்ளோதான், செத்தேன்னு நினைச்சேன் துளசி."

பின்னால் நின்ற லோரிகள் ஹார்ன் அடித்தன. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.