கிட்டாருக்கு ஒரு பல்

மதியச் சாப்பாட்டு வேளையில், பல் லேபின் நீள மேசையில் வாய் பிளந்து கிடந்த மாவுத் தாடைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அவள் அந்தப் பச்சை நிற எலக்ட்ரிக் கிட்டாரைப் பையிலிருந்து எடுத்து நடுவில் கிடத்தினாள். எதிரே உட்கார்ந்து மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அக்கா அந்த லேபில் வயதில் மூத்தவள். வாயிலும் அவளை மிஞ்ச ஆளில்லை.

"என்னடி இது? எந்த நோயாளி வாயிலேர்ந்து வந்துச்சு?"

"என் வீட்டுக்காரரோடதுக்கா. இதுக்கு ஒரு பல்லு கட்டணும்."

"அவருக்கா, கிட்டாருக்கா?"

"கிட்டாருக்குத்தான்."

டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட்டும் பல்லுக்கு மேலுறையும் செய்து கொடுப்பது அவர்கள் இருவருக்கும் தொழில். அதனால் அக்கா அதற்குமேல் சிரிக்காமல் எழுந்து வந்து பார்த்தாள். கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில், குறுக்கே ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருந்தது. அதில் ஆறு வெட்டுகள். ஆறு கம்பிகளும் அந்த வெட்டுகளில் உட்கார்ந்துதான் கீழே இறங்கின. தடித்த கம்பிக்கு அகலமான வெட்டு ஒரு கோடியில், மெல்லிய கம்பிக்குத் தலைமுடி அளவு வெட்டு மறு கோடியில். "இதை அப்படியே திருப்பணும்க்கா. தடிச்சது இந்தப் பக்கம், மெல்லிசு அந்தப் பக்கம்" என்றாள் அவள்.

கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த கிட்டார் அது. கணவன் அதை வெட்கப்பட்டு வாங்கவில்லை, தேடித்தான் வாங்கினான். "ஒசந்த கிட்டாரை வாங்குனா நாம அதுக்கு வேலைக்காரன். இது நம்ம பேச்சைக் கேக்கும்" என்பான். அவன் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவன். வாங்கின வாரமே தொழிற்சாலைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாசல் கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சையை அடித்தான். முன்பக்கத்து பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, அச்சகத்தில் கழித்துப்போட்ட அலுமினிய அச்சுத் தகட்டில் அதே வடிவத்தை வெட்டிப் பொருத்தினான். சாய்த்துப் பிடித்தால் ஏதோ ஒரு வருடத்துக் காலண்டரின் தேதிகள் அதில் மங்கலாகத் தெரியும். குமிழ்கள் இரண்டும் செத்துப்போன ரேடியோவிலிருந்து வந்தவை. பெரிதாக, ஓரமெல்லாம் வரி வரியாக இருக்கும். கம்பிகளுக்கடியில் சத்தத்தைப் பிடிக்கிற காந்தச் சுருளைக்கூட உடைந்த இன்னொரு கிட்டாரிலிருந்து எடுத்து மாட்டியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், விடிந்தும் விடியாமல் அவன் கையில் திருப்புளி இருக்கும். சாப்பாட்டு மேசை முழுக்க ஆணிகள். ஒருமுறை அவள் உப்பு ஜாடிக்குள்ளிருந்து ஒரு சுருள்கம்பியை எடுத்தாள். எதையாவது கால் திருகு திருகிவிட்டு, வாசித்துக் காட்டி, "பாத்தியா, நேத்துக்கும் இன்னைக்கும் எவ்ளோ வித்தியாசம்!" என்பான். அவள் காதுக்கு நேற்றும் ஒன்றுதான், இன்றும் ஒன்றுதான். ஆனால் அந்த வித்தியாசம் அவன் முகத்தில் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, "ஆமா, நல்லா இருக்கு" என்பாள். பொய் சொன்னதாக ஒருநாளும் தோன்றியதில்லை.

போன மழைக்காலத்தில் வெட்டு இயந்திரம் அவனுடைய இடது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் பாதியோடு எடுத்துக்கொண்டது. கம்பியை அழுத்துகிற கை அது. காயம் ஆறி வேலைக்கும் போனான். எண்ணிக் கட்டுகிற பிரிவில் உட்கார வைத்தார்கள். வீட்டில் அந்தக் கை எந்நேரமும் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறும்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒருநாள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "கூட வாசிக்கற டிரம்ஸ்காரர்ட்ட சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை வந்து கிட்டாரை எடுத்துட்டுப் போவாரு. அவரு தங்கச்சி பையன் கத்துக்கணுங்கறானாம்."

அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். ஆனால் பயம் வந்துவிட்டது. கிட்டார் போவதைப் பற்றியல்ல, அது யார் வீட்டில் இருந்தால் என்ன. விடிந்தும் விடியாமல் எழுந்து உட்காருகிற அந்த மனிதன் அதோடு சேர்ந்து வாசலைத் தாண்டிவிடுவான், பிறகு திரும்பவே மாட்டான் என்று பயந்தாள்.

யோசனை லேபில்தான் வந்தது. நாள் முழுக்கத் தாடையைக் கண்ணாடியில் காட்டி, இடது பக்கப் பல்லைப் பார்த்து வலது பக்கப் பல்லைச் செதுக்குகிறவளுக்கு இது வர இத்தனை நாள் ஆனதுதான் ஆச்சரியம். அழுத்துகிற வேலையை வலது கை செய்யட்டும். இடது கைக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுதாக இருக்கின்றன, மீட்டுகிற வில்லையைப் பிடிக்க அது போதும். கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தாள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் எல்லோரும் முதலில் அவ்வளவுதானே என்றுதான் நினைப்பார்கள்.

சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டியதும் வெள்ளைத் துண்டு பால்பல் மாதிரி கழன்று வந்தது. அக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் வெறும் கூடு.

"உள்ள ஒண்ணுமே இல்லையேடி! இந்த ஓட்டைப் பல்லை வெச்சுக்கிட்டா இவ்ளோ நாளா பாடுச்சு?"

"விலைக்குத் தகுந்த பல்லுக்கா."

பல் மேலுறைக்கு ஊற்றுகிற கெட்டிப் பசையில் அவள் புதுத் துண்டை வார்த்தாள். நிறம் பார்க்கிற அட்டையில் பல் நிறங்கள் வரிசையாக இருந்தன. அவள் கை யோசிக்காமல் அவனுடைய முன்பல்லின் நிறத்தை எடுத்தது. இத்தனை வருடம் கூட இருந்ததில் அதாவது மனப்பாடமாகியிருக்கிறதே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு பூதக்கண்ணாடிக்கடியில் வைத்து ஆறு வெட்டுகளையும் அரத்தால் இழைத்தாள். கம்பியை வைத்துப் பார்ப்பாள், எடுப்பாள், ஒரு இழுப்பு, மறுபடி வைப்பாள். ஒரு பொடி கூடிப்போனால் கம்பி கழுத்தில் உரசிக் கரகரக்கும் என்று அவன் சொல்லக் கேட்டிருந்தாள். அந்த வாரம் அவள் கொறித்ததை மதியச் சாப்பாடு என்று சொல்ல முடியாது.

பயந்தது ஓட்டை போடத்தான். தோள்வார் மாட்டுகிற ஆணியை, கிட்டார் உடம்பில் கொம்பு மாதிரி நீண்டிருக்கிற மறுபக்க முனைக்கு மாற்ற வேண்டும். பல் குடைகிற கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றாள். "தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன? போடுடி" என்றாள் அக்கா. பச்சைப் பெயிண்ட் பிளந்து உள்ளேயிருந்து மரத்தூள் வந்தது. மெழுகும் மருந்தும் தவிர வேறெதுவும் மணக்காத அந்த அறையில் சட்டென்று மர வாசனை நிறைந்தது. யார் வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்டது போல் அவளுக்கு இருந்தது.

கம்பிகளை ஏற்றி முடித்துத் திருப்பிப் பிடித்துப் பார்த்தபோது, கீழே இருந்த ரேடியோ குமிழ்கள் மேலே வந்திருந்தன. நல்லதாகப் போயிற்று, கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டாள். அன்று இரவே அவனுக்குத் தெரியாமல் கிட்டாரைப் பையோடு அலமாரிக்குப் பின்னால் பழைய இடத்தில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிரம்ஸ்காரர் வந்தார். அவனோடு கல்யாண வீடுகளிலும் பள்ளி விழாக்களிலும் வாசித்தவர். பெரிய உடம்பு, மெல்லிய குரல். கிட்டாரை எடுத்துப் போகப் புதுப் பை ஒன்று கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

கணவன் அலமாரிக்குப் பின்னாலிருந்து கிட்டாரை எடுத்து ஒரு கையாலேயே அதன் பையின் ஜிப்பை இழுத்தான். இழுத்தவன் அப்படியே நின்றான்.

"யாரு இதுல கை வெச்சது?"

"நான்தான்."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலைங்க."

டிரம்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இது இடதுகைக்காரங்க வாசிக்கற மாதிரி இல்ல இருக்கு? எங்க பையன் நேரா இருக்கறதையே நேரா வாசிக்க மாட்டான்" என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இருங்கண்ணே. பழையபடி மாத்திக் குடுத்துடறேன். உள்ள ஒயரு எதையாவது அறுத்து வெச்சிருக்காளான்னு மட்டும் பாத்துக்கறேன்."

ஒயரைச் செருகி, சத்தத்தைப் பெருக்குகிற சின்ன ஆம்ப் பெட்டியைப் போட்டான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தான். கம்பிகள் இருந்த வரிசைக்கு அதை எதிர்ப்பக்கமாகத்தான் பிடிக்க முடியும். அப்படிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். இடது கை கால்சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள். டிரம்ஸ்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

தடித்த கம்பியை ஒரு தட்டு. டொய்ங் என்று வந்த சத்தம் தொண்டையைப் பிடித்தது போல் பாதியில் செத்தது. இன்னொரு தட்டு, அதே கதை.

"பாரு, என்ன பண்ணி வெச்சிருக்கன்னு. வால்யூம் குமிழு கைக்கடியில வந்து உக்காந்திருக்கு. கை பட்டாலே சத்தம் அமுங்குது. வாசிக்கறவன் கை எங்க போகும்னு யோசிச்சியா?"

அவள் யோசிக்கவில்லை. தாடைகளுக்குக் கை கிடையாது. இத்தனை இழைத்து, இத்தனை அளந்து, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று மனம் நொந்துபோனாள். "தெரியாமப் பண்ணிட்டேன்" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

"நீங்களே பாருங்கண்ணே" என்று அவன் எரிச்சலோடு மறுபடி தட்டினான். குமிழ் முழுக்க அடங்கியிருந்ததால் வெறும் கம்பியின் டிக் மட்டும் கேட்டது. அலுத்துப்போய் கையைப் பின்னால் இழுத்தான். முன்கையின் தோல் ரேடியோ குமிழின் வரிகளில் உரசியது. குமிழ் மெதுவாகத் திரும்பியது.

சத்தம் வந்தது. தட்டிய சத்தம் அல்ல. அதற்குத் தொடக்கமே இல்லை. அறையில் முன்பே இருந்த ஏதோ ஒன்று, இப்போதுதான் தன்னைக் காட்டிக்கொள்வது போல் வந்தது. ஆம்ப் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அது பெரிதாகிக்கொண்டே போய், தண்ணீர் டம்ளரின் விளிம்பைத் தொட்டு, அவள் நெஞ்செலும்பைத் தொட்டு, பிறகு அவசரமே இல்லாமல் அடங்கியது. இத்தனை வருடம் அவன் கேட்டுக் கேட்டுச் சொன்ன அந்த வித்தியாசம் என்பது இதுதானா?

டிரம்ஸ்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். "இன்னொரு தடவ" என்றார், குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவது போல.

அவன் தட்டினான், இந்த முறை தெரிந்தே கையை இழுத்தான். அடுத்த கம்பி. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் எங்கிருந்தோ புறப்பட்டு வந்து சேர்ந்தது. இந்தக் கிட்டாரின் ஒவ்வொரு திருகும் அவனுக்குத் தெரியும். இப்படி ஒரு குரல் அதற்குள் இருந்தது மட்டும் தெரியாது. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பிறகு பார்த்தாள். அவன் கண் இரண்டும் அந்தப் பாதிக் கையின் மேலேயே இருந்தன.

வலது கையால் கழுத்தில் ஒரு கம்பியை அழுத்திப் பார்த்தான். பழக்கமில்லாத விரல், கம்பி கரகரத்தது. மறுபடி அழுத்தினான், விரல் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை. முடியவில்லை. தலை கவிழ்ந்தது. எல்லாம் முடிந்தது, இனி திருப்புளியை எடுப்பான் என்று நினைத்தாள்.

"இங்க வா" என்றான். "இப்பிடி உக்காரு. இந்தக் கம்பிய, இந்த எடத்துல அழுத்து. நல்லா பலமா."

அவள் கட்டிலுக்குக் கீழே முழந்தாளிட்டு ஆள்காட்டி விரலை வைத்தாள். கம்பி விரல் நுனியை அறுத்தது. அவன் தட்டிவிட்டுக் கையை இழுக்க, அவள் விரல் இருந்த இடத்திலிருந்து ஒரு புதுச் சத்தம் எழுந்து வந்தது. அவள் பயந்து விரலை எடுத்துவிட்டாள்.

"எடுக்காத. அது முடியட்டும். இப்ப ரெண்டு கட்டம் மேல வா."

பின்னால் டிரம்ஸ்காரர் வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. அவள் விரலை நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். அவன் தட்டினான். அறையில் எதுவும் கேட்கவில்லை. அவள் விரலுக்கடியில் மட்டும் கம்பி உயிரோடு நடுங்கிக்கொண்டிருந்தது, அவனுடைய கை மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது.