திருத்தாமல் விட்ட ஊர்ப்பெயர்

எங்கப்பா முன்னாடி ஊர்ப்பேரைத் தப்பாச் சொல்லிட்டு யாரும் தப்பிச்சதில்ல. இங்கிலீஷ்ல சுற்றுலா வழிகாட்டிப் புத்தகங்கள் போடற ஒரு பதிப்பகத்துல காலமெல்லாம் பிழை திருத்தினவர். ரிட்டயர் ஆனதும் திருத்தப் புத்தகம் கிடைக்காம எங்களைத் திருத்த ஆரம்பிச்சார். என் கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆசையாக் கொண்டுவந்து காட்டினா, சிவப்பு மசியால அங்கங்க சுழிச்சு அவங்க கையிலேயே திருப்பிக் கொடுத்த மனுஷன். அந்தக் கல்யாணம் நடந்ததே பெரும்பாடு. அண்ணன் அவருக்கு வெச்ச பேரே சிவப்பு மசிதான்.

அப்படிப்பட்டவர் பிள்ளை, என் அண்ணன், கப்பல் பட்டறையில வெல்டரா வேலைக்குப் போய்ச் சேர்ந்த வெளிநாட்டு ஊர் மார்ஸே. போன அன்னிக்கே போன் பண்ணி, "அப்பா, மார்செய்ல்ஸ் வந்து சேர்ந்துட்டேன்"ன்னான். சாப்பிட்டியா, தூங்கினியான்னு ஒரு வார்த்தை கிடையாது. "மார்ஸே! இங்கிலீஷ்காரன் ஒரு காலத்துல கடைசியில எஸ் போட்டு எழுதினான். இப்ப அவனே அதை விட்டுட்டு வர்றான், நீ எதுக்குடா பிடிச்சுத் தொங்கறே?"ன்னார் அப்பா. அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சான். அதுக்கப்புறம் ஒவ்வொரு போன்லயும் வேணும்னே மார்செய்ல்ஸ்னுதான் சொல்வான். இவரும் விடாம திருத்துவார். அப்பாவும் பிள்ளையும் கொஞ்சிக்கிட்டதுன்னா வருஷக்கணக்கா அது ஒண்ணுதான்.

போன மாசம் அண்ணி அங்கேருந்து என்னைத் தனியா போன்ல கூப்பிட்டு அழுதா. அண்ணனுக்குக் கணையத்துல புற்று, உடம்பெல்லாம் பரவிடுச்சு, டாக்டர் கையை விரிச்சுட்டார். அண்ணனுக்கு அந்த ஊர் பாஷை கடைகண்ணிக்குப் போய் வர்ற அளவுக்குத்தான் தெரியும். டாக்டர் சொன்னதை அண்ணிதான் அவனுக்கு மாத்திச் சொல்லியிருந்தா, குடல்ல புண்ணு, ஆறிடும்னு.

"தெரிஞ்சா அவரு அன்னிக்கே மனசை விட்டுடுவாரு. எப்பவும் போல பேசுங்க, உங்க கால்ல விழறேன்"ன்னா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை. ஆனா இருக்கிற கொஞ்ச நாளை அவன் பயமில்லாம இருந்துட்டுப் போகட்டும்னு எனக்கும் தோணுச்சு. எங்களுக்கு விசா எப்ப வருமோ, அதுவரைக்கும் இருப்பானோ மாட்டானோ. சரின்னேன். அப்பா அம்மாகிட்டயும் விஷயத்தைச் சொல்லி வெச்சேன்.

ஞாயித்துக்கிழமை அவன் பேசற நாள். அந்த வாரமே நான் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா அழுது முடிச்சு, முகம் கழுவிட்டு உக்காந்திருந்தா. அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டே இருந்தார்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது பிள்ளையைத் திருத்தாம இருங்க"ன்னா அம்மா. "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சும்மாவா சொன்னாங்க? அவன் என்ன வேணா சொல்லிட்டுப் போறான்."

நானும் சேர்ந்துக்கிட்டேன். "வாயைத் திறந்தீங்க, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்."

அப்பா சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். எப்பவும் போலன்னு அண்ணி படிச்சுப் படிச்சுச் சொன்னது எங்க ரெண்டு பேர் மரமண்டையிலயும் ஏறவே இல்ல.

நெட் சரியில்ல, வீடியோ வேண்டாம்னு பொய் சொல்லிட்டு, போனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வெச்சேன். அண்ணன் குரல் தேய்ஞ்சு போயிருந்துச்சு. அம்மா மாத்திரை போட்டியான்னு கேட்டா. நான் வம்புக்கு இழுத்தேன், அவன் என்னைக் குண்டச்சின்னான். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

"அப்புறம்ப்பா, இங்க மார்செய்ல்ஸ்ல ஒரே குளிரு"ன்னான்.

அப்பா உதடு அசைஞ்சுது. நான் அவர் கையைப் பிடிச்சு அழுத்தினேன். "நல்லாப் போத்திக்கோடா"ன்னார்.

அப்புறம், "மார்செய்ல்ஸ்ல காத்து வேற பேயா அடிக்குதுப்பா"ன்னான்.

"ம்."

"மார்செய்ல்ஸ்." இந்தத் தடவை அந்த ஒத்தைப் பேரை மட்டும் சொன்னான். சொல்லிட்டுக் காத்திருந்தான்.

அடப்பாவி, அவன் எதுக்குக் காத்திருக்கான்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருந்துச்சு. அப்பா என் கையை உதறிட்டு, "மார்ஸேடா... எஸ் கிடையாதுன்னு எத்தனை தடவை..."ன்னு ஆரம்பிச்சார். பாதியிலேயே குரல் உடைஞ்சு போச்சு.

அண்ணன் ரொம்ப நிதானமா, "இன்னும் எவ்வளவு நாளாம்ப்பா?"ன்னு கேட்டான்.

அம்மா வாயைப் பொத்திக்கிட்டா. நான் வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டினேன். ஒரு கமா இடம் மாறி அச்சாயிட்டா சாப்பாடு இறங்காத மனுஷன், போன் பக்கமாக் குனிஞ்சு, "என்னடா பேச்சு இது? வெறும் புண்ணுதான். ஆறிடும்னு டாக்டரே சொல்லியிருக்கார்"ன்னார்.

"சரிப்பா"ன்னான். அவனும் திருத்தல.