சாமி தலைக்கு மேலே ஒரு கேமரா

கேமரா மாட்டுவதில் விராத் கெட்டிக்காரன். தோன்புரி வாய்க்காலோரச் சந்துக்கு மூன்றே கேமரா போதும், பூனை ஒளியக்கூட இடம் இருக்காது என்று மார்தட்டியவன். நடுக் கேமராவுக்குத் தோதான இடம், காவல் சாமி மாடத்தை ஒட்டி நின்ற இரும்புக் கம்பம். அதன் உச்சியில் வைத்தால், மாடத்தின் கூரைக்கு மேலாகப் படகுத்துறைப் படிகள் வரை தெரியும்.

ஏணியில் ஏறியதுதான் தாமதம், நூடுல்ஸ் கடை லம்துவான் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அடப்பாவி! சாமி தலைக்கு மேல உக்காந்து முறைச்சுப் பாக்குமா உன் மிஷினு? உன் தலையில யாராச்சும் கைய வெச்சா சும்மா இருப்பியா?"

"படித்துறை தெரியணும்ல அக்கா?"

"அத சாமி பாத்துக்கும். நீ சந்தப் பாரு."

விராத்துக்கும் உள்ளூரப் பயம்தான். கேமராவை எதிர்ச்சுவரில் தாழ்வாக மாட்டி, முகத்தைச் சந்துப் பக்கம் திருப்பிவிட்டான். சாமிக்குப் படைக்கிற சிவப்பு சோடா ஒன்றை உடைத்து, உறிஞ்சுகுழல் போட்டு மாடத்தில் வைத்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டான்.

படம் ஓடும் திரை லம்துவானின் கடையிலேயே இருந்தது. அவளுக்கு அதுதான் சீரியல். யார் எங்கே போகிறார்கள் என்று நாள் முழுக்கக் கண்ணெடுக்க மாட்டாள்.

இன்று காலை விராத் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பாவைக் காணவில்லை. ஞாபகம் தப்பிப்போன மனிதர். பெற்ற மகனையே, "நீங்க யாரு தம்பி?" என்று மரியாதையாகக் கேட்பவர்.

விராத் கடைக்கு ஓடிவந்து படத்தைப் பின்னுக்கு ஓட்டினான். தோளில் கட்டம் போட்ட துண்டோடு அப்பா சந்தில் வந்தார். நடுக் கேமராவின் எல்லையில் நின்று, சாமி கும்பிடப் போகும்போது எப்போதும் செய்வதுபோலச் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு படத்தை விட்டுப் போய்விட்டார்.

"எனக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான்டா போனாரு. சாமிகிட்டத்தானே போறாருன்னு இருந்துட்டேன்" என்றாள் லம்துவான்.

மாடத்தைத் தாண்டினால் இரண்டே வழி. ஒன்று படித்துறை. இன்னொன்று சாலை, அங்கே மூன்றாவது கேமரா இருக்கிறது. விராத் அதை ஓட்டினான். பள்ளிப் பிள்ளைகள், மாம்பழ வண்டி, வாடகை மோட்டார் சைக்கிள்கள். துண்டு போட்ட ஒரு கிழவரைக் கண்டு துள்ளி எழுந்தான். அது வேறு யாரோ.

"இன்னொரு தடவ ஓட்டுடா. நீ சரியாப் பாத்திருக்க மாட்ட." லம்துவான் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

படிகள் மட்டும் தெரிந்திருந்தால், இவள் பார்த்துப் போடும் கூச்சலில் சந்தே திரண்டிருக்கும். அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் போல இருந்தது. எந்த வாயால் கேட்பது? கேமராவைத் திருப்பிய கை அவனுடையது அல்லவா?

வெளியே, அக்கம்பக்கத்தார் வரவழைத்து வாய்க்காலில் தேடிக்கொண்டிருந்த மீட்புப் படகின் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ கயிறு கேட்டுக் கத்தினார்கள். லம்துவான் அலறிக்கொண்டு ஓடினாள்.

விராத் போகவில்லை. நடுக் கேமராவின் நேரடிப் படத்தைத் திரையில் போட்டான். சந்து துல்லியமாகத் தெரிந்தது. ஓரத்தில் அப்பாவின் செருப்பு கிடந்தது. அதைப் போட்டுக்கொள்ள அவர் வருவார் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.