வீட்டுக்கு ஒரு கிலோ

இணையக் கடையை வடிவமைக்கும்போதே எஃப்ரனிடம் கேட்டேன். "ஒரு ஆளு எவ்வளவு வாங்கலாம்னு அளவு வைக்கட்டுமாடா?"

"அளவு என்னடி அளவு? கேட்டதைக் குடு. அந்தப் பெரிய கடை திறந்ததிலேர்ந்து நான் ஈ ஓட்டிட்டிருக்கேன்."

எஃப்ரன் என் சித்தி மகன், என் வயதுக்காரன். பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், எங்கள் தெருமுனையில் சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை தளத்தைத் திறந்தோம். அன்று மாலையே புயல் எச்சரிக்கை வந்தது.

புதன் காலை பத்து மணிக்கு முதல் ஆர்டர். கிரிசாண்டோ பல்புவேனா என்று யாரோ, இருந்த கூரை ஆணி அறுபது கிலோவையும் வாங்கியிருந்தார். பணமும் வந்துவிட்டது. எஃப்ரன் துள்ளிக் குதித்தான், எனக்குப் பன்சிட் நூடுல்ஸ் வாங்கிவர ஆள் அனுப்பினான். பன்சிட் வருவதற்குள் தெரு மொத்தமும் வாசலில் நின்றது.

"ஒரு கிலோ குடுடா, காத்து ஏறுது" என்றார் முதலில் நின்ற நெனிட்டா மனாங்; மனாங் என்றால் அக்கா. எஃப்ரன் முகம் செத்துப்போனது.

"புயல்னா வீட்டுக்கு ஒரு கிலோதான்னு ஏன்டா சொல்லல?" என்று அவன் காதருகே சீறினேன்.

"இதையெல்லாமா சொல்லுவாங்க? நீயும் இதே தெருவுல பொறந்தவதானே, ஜோவலின்?"

பிறந்தவள்தான். என் அப்பாவும் அப்படித்தான் வரிசையில் நின்று வாங்குவார். கணினி முன்னால் உட்கார்ந்தபோது அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. அந்த எரிச்சலை முகம் தெரியாத கிரிசாண்டோவின் மேல் காட்டினேன். அறுபது கிலோ வாங்குகிறவன் பதுக்கல்காரன் அல்லாமல் வேறு யார்? எஃப்ரனைக் கேட்காமலே ஆர்டரை ரத்து செய்து, பணத்தைத் திருப்பிவிட்டேன். வீட்டுக்கு ஒரு கிலோவாக, இரண்டு மணிக்குள் ஆணி காலி.

மூன்று மணிக்கு ஒரு வாடகை ஜீப்னி வண்டி வந்து நின்றது. தொப்பலாக நனைந்த ஒருவர் இறங்கி, "கிரிசாண்டோ" என்றார். கையில் மடித்த தாள்.

"ரத்து பண்ணிட்டேனே அண்ணே, செய்தி வரலையா?"

"ஆர்டர் போட்டதுமே எங்க பக்கம் டவர் போச்சு. ஆறு கடல்ல சேர்ற இடம்மா. நாப்பத்திமூணு வீடு, எல்லாரும் சேர்ந்து என் பேர்ல வாங்கினோம்." தாளைப் பிரித்தார். நாற்பத்து மூன்று பெயர்கள். காலி அலமாரியைப் பார்த்தார். "கடையில இருக்குன்னு போட்டிருந்துச்சே, தங்கச்சி?"

எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. எஃப்ரன் என்னைத் திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். அவன் ஒரு காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். நானும் ஓடினேன்.

நெனிட்டா மனாங்கின் மகன் கூரைமேல் இருந்தான். மனாங் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மனாங், எவ்வளவு ஆணி மிச்சம்?"

"மிச்சமா? இன்னும் பாதிக் கூரை கிடக்குடா!"

எஃப்ரன் விஷயத்தைச் சொன்னான். மனாங் ஜீப்னியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் படிச்சவளாம்! ஒரு வார்த்தை அந்த ஆளைக் கேட்டிருக்கக் கூடாதா?"

திட்டிக்கொண்டே மகனிடம் கையை நீட்டி டப்பாவை வாங்கினார். ஒரு பிடி ஆணியைத் தமக்கென்று அள்ளிக்கொண்டு, மீதியைச் சாக்கில் கொட்டினார். அரைக் கிலோகூட இருக்காது. அடுத்த வீட்டுக் கதவை நான் தட்டினேன்.