தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

அந்த ஆள் வரும் நாளென்றால் காலையிலேயே அவளுக்குப் பயம் தொடங்கிவிடும். மனநோய்க்குப் பேச்சால் வைத்தியம் செய்கிறவள், எத்தனையோ முரடர்களைப் பார்த்தவள். இவரோ குரலே எழும்பாத மனிதர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். உள்ளே வருவார், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார், நாற்காலி நுனியில் உட்கார்ந்து நாலு வார்த்தை முணுமுணுப்பார். தாழ்ப்பாள் விழும் அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு உயிரே போகும்.

அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் இருப்பவரைப் பார்க்கும்போது தனக்குள் எழும் உணர்வையும் தடயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது யாருடைய உணர்வு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டாள். அவளுடைய அப்பாவும் பெல்ட்டைக் கழற்றும் முன் கதவைத் தாழ் போடுகிறவர். ஆகவே பயத்தில் பாதி என் பழைய கதை, மீதி இந்த ஆள் உள்ளே அடக்கி வைத்திருக்கும் கோபம் என்று பங்கு பிரித்து முடித்துவிட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத் தானே கேலி வேறு. பெரிய கெட்டிக்காரி!

அந்தக் கணிப்புக்கு முட்டுக்கொடுத்தவர் அந்த ஆளுடைய மனைவியின் அண்ணன். ஒவ்வொரு முறையும் அவர்தான் கூட்டிவருவார். கையில் தண்ணீர் பாட்டில், முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க மாப்பிள்ளை தங்கமான மனுஷன் டாக்டர். கோபம் வந்தா மட்டும் தங்கச்சி மேல கை நீட்டிடறார். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலயே வெச்சுப் பாருங்களேன்."

தங்கையின் வீங்கிய முகத்தை போட்டோவிலும் காட்டியிருந்தார். இன்று மாலை பெரிய டாக்டரிடம் அவள் சொல்லப்போவதும் அதேதான்: பார்வைக்குப் பசு, உள்ளே புலி, மனைவியிடமிருந்து பிரித்து வார்டில் சேர்க்கலாம்.

தாழ்ப்பாள் விழுந்தது. கதவுப் பக்கம் திரும்பத் தைரியமில்லாமல் அவள் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"கிணத்துக்குள்ளேருந்து உங்க மனைவி கூப்பிடற மாதிரி கனவு சொன்னீங்களே, அத உங்க மச்சான்கிட்டயும் சொன்னீங்களா? அன்னிக்குப் போகும்போது அவர் என்கிட்ட அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே?"

கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். மனிதர் பேயறைந்தவர்போல் வெளுத்திருந்தார். "நான் யார்கிட்டயும் சொல்லல மேடம்." பிறகு உதடு மட்டும் அசைந்தது. "கதவுக்கு அடியில பாருங்க."

பார்த்தாள். கதவடி வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல், அசையாமல்.

"அவர் படக்குனு உள்ள வந்துடுவாரோன்னுதான் தாழ் போடறேன்," என்று கிசுகிசுத்தார். "அடிக்கறது அவர்தான். என் மனைவி பேர்ல இருக்கற வீட்ட எழுதி வாங்கணும் அவருக்கு. நான் இங்க படுத்துட்டா அங்க அவள யார் பாத்துப்பா?"

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க அவர்கிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசினீங்களே மேடம்."

பங்கு பிரித்தது அத்தனையும் தப்பு. இந்த மனிதர் வாய் திறந்து சொல்ல முடியாத பயத்தையெல்லாம் அவள் மடியில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். அவள் அதை எடுத்து அவர் மேலேயே குற்றமாகச் சாட்டியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் செல்போனை நீட்டினாள். அவர் தன் மனைவியின் எண்ணை அழுத்திக் கொடுத்தார்.

"அம்மா, உங்க அண்ணன் இங்க இருக்கார். இப்பவே வீட்ட விட்டுக் கிளம்பிடுங்க," என்றாள் ரகசியமாக.

"எப்படிங்க வர்றது?" என்றது மறுமுனை, அதைவிட மெல்ல. "வெளியில பூட்டிச் சாவிய எடுத்துட்டுல்ல போயிருக்காரு."

கதவு தட்டப்பட்டது. "என்ன டாக்டர், சத்தமே காணோம்? நாங்க கிளம்பலாமா?" தேனொழுகும் குரல்.

அந்தச் சாவி அங்கே போய்ச் சேருவதற்குள் போலீஸ் போய்ச் சேர வேண்டும். அதுவரை அந்தக் கால்கள் இங்கேயே நிற்க வேண்டும். அவள் எழுந்துபோய், இத்தனை நாள் தொடவே பயந்த அந்தத் தாழ்ப்பாளை இன்னும் இறுக்கித் தள்ளினாள். பிறகு கதவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "உங்க கோபத்தப் பத்திப் பேசலாம். மனசுல இருக்கறத வெளிய கொட்டுங்க!"

சொல்லிவிட்டு, மூலையில் குனிந்து போலீஸுக்கு எண் போட்டாள். அந்த மனிதர் அவளையே பார்த்தார். அவருக்குப் புரிந்தது. ஆயுளில் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர், கண்ணில் நீர் வழிய, மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

"ஆமா டாக்டர், கோபம் வருது! கொன்னு போடற மாதிரிக் கோபம் வருது!"

கதவடியில் நிழல் இன்னும் நெருங்கி வந்து, காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றது.